சீஸ் டேக்கு எது வாங்கலாம்? துபாய் டின்னா, ஸ்லைஸா, மொசரெல்லாவா?

ஜூன் 4 அமெரிக்காவுல சீஸ் டே. கீழக்கரைக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்னு கேக்கலாம், இருக்கு, அந்த தேதி சரியா மீன்பிடி தடைக்காலத்துக்குள்ள வருது. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுல வர்ற மீன்தான், வெலைய கேட்டாலே பசி போயிரும். பசங்க "வேற எதாச்சும் செய்யுங்க"ன்னு ஆரம்பிக்கிறப்பதான் சீஸ் வீட்டுக்குள்ள வருது. மூணையும் வாங்கி காசு விட்டவன் சொல்றேன்.

துபாய் டின்னுலேருந்து வர்றேன். காக்கா (எங்க ஊர்ல அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஊருக்கு வர்றப்ப பெட்டியில டேங் பவுடருக்கும் பிஸ்தாவுக்கும் நடுவுல உக்காந்து வருமே, அந்த கிராஃப்ட் நீல டின்னு. ஒடைக்கிற வரைக்கும் பிரிட்ஜ் வேண்டாம், கரண்ட் கட் ஆனா கவலையில்ல. அந்த ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-ல பேடன்ட் வாங்குனதே இந்த மாதிரி கெடாம வைக்கிற வேலைக்குத்தான், சீஸை சூடாக்கி கெளறி டின்னுல அடைச்சாரு, முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துக்கே போச்சு. உம்மா, அதான் எங்கம்மா, அதை தொறக்குறதைப் பாக்கணும். மூடிய இழுத்துட்டு ஓரமா கத்திய ஒரு சுத்து விட்டு தட்டுல கவுத்துவாங்க, மஞ்ச வட்டமா 'ப்ளக்'குனு விழும், டின்னோட வரி கூட அதுல அப்படியே பதிஞ்சிருக்கும். வெந்நியில கத்திய முக்கி முக்கித்தான் வெட்டுவாங்க, இல்லாட்டி ஒட்டிக்கிட்டு பிஞ்சு பிஞ்சு வரும். உப்பு தூக்கல்தான். பரோட்டாவுல வச்சா உருகுறதுக்கு ரொம்ப யோசிக்கும். ஆனா சூடான டீயோட ஒரு துண்டு கடிச்சுப் பாருங்க.

ஸ்லைஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. டின்னோட சொந்தக்கார பயதான், அதுவும் அதே மாதிரி சூடாக்கி கெளறி செஞ்ச ப்ராசஸ்டு சீஸ். லன்ச் பாக்ஸுக்கு நல்லது, ஆம்லெட்டுல மடிச்சா நொடியில இளகிரும். மத்தியானம் வெளிய மறந்து வச்சா பிளாஸ்டிக்க உரிக்கிறதுக்குள்ள பாதி கையில. ஒரு ப்ளஸ், நம்மூர் பாக்கெட்டுல பச்சைப் புள்ளி இருக்கும். பழைய முறையில பால உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுக்குற ரென்னட்டதான் போடுவாங்க, பச்சைப் புள்ளி இருந்தா அது இல்லைன்னு அர்த்தம், சைவ நண்பர் வந்தாலும் தைரியமா குடுக்கலாம்.

மொசரெல்லாதான் ஆளை மயக்குறது. தயிர்க்கட்டிய வெந்நியில போட்டு இழுத்து இழுத்து மடிக்கிறாங்க, பரோட்டா மாஸ்டர் மாவு வீசுற மாதிரியே, அதான் சூடானதும் நூலா வருது. பரோட்டாவ கொத்தி மேல தூவி ரெண்டு நிமிஷம் மூடி வச்சு எடுங்க, டின்னெல்லாம் பக்கத்துல நிக்காது. பிரச்சனை என்னன்னா எனக்கு அது ராம்நாடுலதான் கெடைச்சுச்சு, பஸ்ஸுல வீடு வந்து சேர்றதுக்குள்ள துருவுனது எல்லாம் ஒரே கட்டி. அடுத்த தடவை மச்சான் புத்திசாலித்தனமா ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில கொண்டாந்தாரு, கட்டியாகல, ஆனா அது மீன் பெட்டி. நெத்திலி வாசத்தோட சீஸ் பரோட்டா சாப்ட ஒரே குடும்பம் நாங்களாத்தான் இருக்கும்.

பன்னீர் போதாதான்னு கேக்குறவங்களுக்கு: எலுமிச்சை விட்டு திரிச்சது சூட்டுல உருகாது, குருமாவுக்கு வச்சுக்கங்க. ஒரு கடையில சீஸ் பீட்சான்னு குடுத்தாங்க, ஆறுனதும் மேல எண்ணெ மிதந்துச்சு, நூலும் வரல, அதையெல்லாம் இந்த போட்டியில சேக்கவே மாட்டேன்.

ஐஸ் பெட்டி சுத்தமா இருக்கறவங்க மொசரெல்லா வாங்குங்க. என் ஓட்டு டின்னுக்குத்தான். காக்கா 2-ஆம் தேதி வர்றாரு, நாலு டின் சொல்லியாச்சு. உம்மா அந்த லிஸ்டுல என் கையெழுத்துக்குக் கீழயே கோடாலித் தைலம் ஆறுன்னு எழுதி வச்சிருக்காங்க, பெட்டியில எதுக்கு எடம் கெடைக்கும்னு எனக்குத் தெரியும்.