உவர்நீர்ப் பூண்டுக்கு எந்தத் தழைச்சத்து?

உவர்நீர் பாயும் பூண்டு வயலில் இலை மஞ்சளித்தால் கை முதலில் யூரியா மூட்டையைத்தான் தேடும். ஆனால் பசியால் வரும் மஞ்சள் வேறு, உப்பால் வரும் கருகல் வேறு. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் கீழ் இலைகள் மொத்தமாக வெளிறும். உப்பு மிகுந்தால் மற்றப் பகுதி பச்சையாக இருக்கும்போதே நுனி மட்டும் காய்ந்த தாள்போலப் பழுப்பேறி, அங்கிருந்து அடிநோக்கி இறங்கும்.

மண்ணின் உப்பை அளக்க, நீர் நிறைத்துக் குழைத்த மண்ணிலிருந்து பிரித்த பூரிதச் சாறு எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்ப்பார்கள். இந்த மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3.9 டெசிசீமன்ஸ் வரை பூண்டு தாங்கும் என்றும், அதற்குமேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 14 சதவீதம் குறையும் என்றும் கணக்கிடப்படுகிறது. வெங்காயத்தின் எல்லை 1.2 மட்டுமே என்பதால், இந்தக் குடும்பத்தில் பூண்டு சற்று உறுதியான பயிர்தான். எல்லைக்குள் இருக்கும்வரை தழைச்சத்துக்கு ஏற்ற பலன் கிடைக்கும். எல்லை தாண்டியபின் வேர் நீரை இழுக்கவே திணறுவதாலும், உப்பிலுள்ள குளோரைடு, வேர் உறிஞ்சும் தழைச்சத்து வடிவமான நைட்ரேட்டுடன் போட்டியிட்டு அதன் உள்ளீர்ப்பைக் குறைப்பதாலும், கூடுதலாக இட்ட உரம் பெரும்பாலும் மண்ணிலேயே தங்கி உப்புச் சுமையைக் கூட்டுகிறது. 2 டெசிசீமன்ஸ் நீரை ஒரு எக்டேரில் 10 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் சுமார் 128 கிலோ உப்பு வயலுக்குள் வந்துவிடும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

உரங்களில் யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், ஒரு கிலோ சத்துக்கு அது சேர்க்கும் உப்பு மிகக் குறைவு. களர்த்தன்மையுள்ள மண்ணின் மேலாகத் தூவிவிட்டால் மட்டும் அம்மோனியாவாகப் பறந்துவிடும். அம்மோனியம் சல்பேட்டின் சுமை அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. இருந்தாலும் அதிலுள்ள 24 சதவீதக் கந்தகம் பூண்டின் காரத்துக்கே மூலப்பொருள். உவர்மண்ணில் நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் வேகம் குறைந்து அம்மோனியம் நெடுநாள் தேங்குவதால், இதை அடியுரமாகச் சிறிதளவு இடுவதோடு நிறுத்துவேன்.

கால்சியம் நைட்ரேட்டில் தழைச்சத்து 15.5 சதவீதமே, கிலோ சத்துக்கு உப்புச் சுமையும் மூன்றிலும் இதற்கே அதிகம். ஆனாலும் நைட்ரேட் குளோரைடை எதிர்க்கிறது, கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. ஆகவே சோடியமும் குளோரைடும் மிகுந்த நீரில், மேலுரத்துக்கு என் தேர்வு இதுவே. சல்பேட் மிகுந்த நீராக இருந்தால், அது இந்தக் கால்சியத்தோடு சேர்ந்து சொட்டுநீர்க் குழாயில் ஜிப்சம் படிந்து துளை அடைக்கும்.

கூடுதல் உரமா, கூடுதல் நீரா என்று கேட்டால், எல்லையை நெருங்கும்போது நீர்தான் முதலில். 2 டெசிசீமன்ஸ் நீருக்குப் பாசனத்தில் சுமார் 11 சதவீதம் வேர்மண்டலத்துக்குக் கீழே வடிந்தால் உப்பு எல்லைக்குள் நிற்கும். வடிகால் இல்லாத நிலத்தில் இந்தக் கணக்கு பலிக்காது. அந்த நீரோடு நைட்ரேட்டும் கழுவிப் போகும் என்பதால், உப்பை வடித்த மறு பாசனத்தில்தான் மேலுரம் இட வேண்டும். அதையும் குமிழ் திரளத் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். பிந்தினால் பற்கள் குமிழுக்குள்ளேயே துளிர்விட்டு, சேமிப்பில் நிற்காது.