சேலத்தில் ‘பூட்டபிள் பென்டிரைவ்’ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சேலம் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடை. “விண்டோஸ் 11, உபுண்டு ரெண்டுமே இதுல இருக்குதுங்க, சொருகினாப் போதும், தானா இன்ஸ்டால் ஆயிரும்” என்று சொல்லி 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றை 900 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். வாங்கியது ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ். மேலே கொண்டுபோய்ச் சொருகினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. போன் போட்டால், “பென்டிரைவ்ல ஒண்ணுமில்லைங்க சார், உங்க லேப்டாப்தான் கம்ப்ளெயின்ட், கீழ எடுத்துட்டு வாங்க” என்று பதில். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த பிறகு வேறொரு பென்டிரைவைப் போட்டுப் பார்த்துவிட்டு, “எஸ்எஸ்டி போயிருச்சு, புதுசு போட 4,500 ஆகும்” என்றார்கள்.

எஸ்எஸ்டி (லேப்டாப்பில் எல்லாவற்றையும் சேமிக்கும் பாகம்) நன்றாகத்தான் இருக்கிறது. அன்று காலைவரை அதிலிருந்துதான் விண்டோஸ் 10 ஓடியது, டாலியும் ஓடியது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். அந்தப் பென்டிரைவுக்குள் என்ன இருந்தது, எஸ்எஸ்டி ஏன் ‘போனது’, இதே வேலையை வீட்டிலேயே எப்படிச் செய்துகொள்வது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

பென்டிரைவைத் திறந்தால் இரண்டே ஃபைல். இரண்டும் ஐஎஸ்ஓ: ஒன்று விண்டோஸ், இன்னொன்று விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு. வேறு ஃபோல்டர் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஃபார்மேட் (ஃபைல்களை அடுக்கும் முறை) எக்ஸ்ஃபேட். இது பூட் ஆகவே ஆகாது, அதாவது இதிலிருந்து லேப்டாப் கிளம்பவே கிளம்பாது. அரிசி மூட்டையைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டுச் சோறு வெந்துவிட்டது என்பது மாதிரி. ஐஎஸ்ஓ என்பது ஒரு டிஸ்க்கின் மொத்த உள்ளடக்கத்தையும் ஒரே ஃபைலாகக் கட்டி வைத்திருப்பது. அதைக் காப்பி பேஸ்ட் செய்தால் ஃபைல்தான் வரும், டிஸ்க் வராது. பவர் போட்டதும் லேப்டாப்பின் யூஇஎஃப்ஐ (விண்டோஸுக்கு முன்பே ஓடும் உள்மென்பொருள், பேச்சில் பயாஸ்) தேடுவது ஃபேட்32 ஃபார்மேட்டில் உள்ள பார்ட்டிஷன் (டிரைவின் ஒரு பிரிவு) ஒன்றை. அதில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற ஃபைல். இது இல்லையென்றால், எதிலிருந்து கிளம்ப என்று கேட்கும் பூட் மெனுவில்கூட அந்தப் பென்டிரைவ் பெரும்பாலும் தலைகாட்டாது. ஒழுங்காக எழுதப்பட்ட விண்டோஸ் பென்டிரைவைத் திறந்தால் பூட், இஎஃப்ஐ, சோர்ஸஸ் ஆகிய ஃபோல்டர்களும் செட்அப் ஃபைலும் கண்ணுக்குத் தெரியும். வாங்கும்போது கடையிலேயே திறந்து பார்க்க அரை நிமிடம் போதும். ஒரு விதிவிலக்கு வென்டாய் என்ற மென்பொருள்: அதை முதலில் பென்டிரைவில் இன்ஸ்டால் செய்துவிட்டால், பிறகு ஐஎஸ்ஓக்களை அப்படியே காப்பி செய்தாலே மெனு வரும். இந்தப் பென்டிரைவில் அதுவும் இல்லை.

அடுத்தது கொள்ளளவு. 64 ஜிபி என்று அச்சடித்த டிரைவுக்கு விண்டோஸ் 59 ஜிபி சொச்சம் காட்டுவது இயல்பு. இதுவும் அப்படித்தான் காட்டியது. ஆனால் டிரைவின் நிஜக் கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ போட்டு முழுக்க எழுதிப் படித்தபோது 7.3 ஜிபிக்கு மேல் எல்லாம் குப்பை. உள்ளே இருப்பது 8 ஜிபி சிப். சிப்பை நிர்வகிக்கும் கன்ட்ரோலரை மாற்றி 64 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். நிஜ இடம் தீர்ந்த பிறகும் அது ‘எழுதிவிட்டேன்’ என்று தலையாட்டும், எர்ரர் வராது. இதில் வில்லங்கம் என்னவென்றால், ஃபைலின் பெயரும் அளவும் பதிவாகும் இடம் டிரைவின் ஆரம்பத்தில், நிஜ சிப்பில் இருக்கிறது. அதனால் எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் முழு அளவோடு அழகாகத் தெரியும். இதில் முதலில் காப்பி ஆன விண்டோஸ் ஐஎஸ்ஓ ஐந்தரை ஜிபி அளவு, அது தப்பித்தது. பின்னால் வந்த உபுண்டு கிட்டத்தட்ட ஆறு ஜிபி. அதில் முதல் இரண்டு ஜிபி போக மிச்சம் இல்லை. அளவை மட்டும் பார்த்து ஐஎஸ்ஓ சரியாக இருக்கிறது என்று நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

எச்2டெஸ்ட்டபிள்யூ மொத்த டிரைவையும் நிரப்பிப் பார்க்கும், யூஎஸ்பி 2.0 டிரைவில் மணிக்கணக்கில் ஓடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். அவசரம் என்றால் அதே வேலையைச் சீக்கிரம் செய்யும் வாலிடிரைவ். லினக்ஸில் இதற்கே எஃப்3 தொகுப்பு இருக்கிறது. எதைச் செய்தாலும் காலி டிரைவில் செய்யுங்கள்.

தப்பித்த விண்டோஸ் ஐஎஸ்ஓதான் உண்மையில் மோசமானது. அதை மவுன்ட் செய்து (ஒரு டிரைவ் போலத் திறந்து) சோர்ஸஸ் ஃபோல்டருக்குள் போனால், இரு பக்கமும் டாலர் குறி போட்ட ‘ஓஇஎம்’ என்றொரு ஃபோல்டர். கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களுக்கு ஏற்பச் செட்டப் செய்துகொள்ள மைக்ரோசாஃப்ட்டே கொடுத்த வழி அது. ஆனால் நீங்கள் இறக்கும் ஒரிஜினல் ஐஎஸ்ஓவில் அது இருக்காது. இதில் அதற்கும் உள்ளே செட்அப்கம்ப்ளீட் என்றொரு ஸ்கிரிப்ட், பதினைந்து வரி. இன்ஸ்டால் முடிந்து லாகின் ஸ்கிரீன் வருவதற்கு முன்பே, சிஸ்டம் அதிகாரத்தோடு ஓடும் ஸ்கிரிப்ட் இது. முதல் சில வரிகள் விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு ‘இந்த ஃபோல்டரைப் பார்க்காதே’ என்று விலக்கு கொடுக்கின்றன. அடுத்த வரிகள் அதே ஃபோல்டரில் ஒரு கேஎம்எஸ் ஆக்டிவேட்டரை (லைசன்ஸ் இல்லாமலே விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் திருட்டு புரோகிராம்) இறக்கி ஓட்டுகின்றன. விலக்கு கொடுத்த ஃபோல்டரில் நாளைக்கு வேறு எது வந்து உட்கார்ந்தாலும் டிஃபெண்டர் திரும்பிப் பார்க்காது. எஸ்டேட் கணக்கும் பேங்க் லாகினும் இருக்கும் லேப்டாப் அது.

ஏற்கெனவே கடையில் விண்டோஸ் போட்டு வாங்கியவர்கள் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸுக்குள் எக்ஸ்க்ளூஷன்ஸ். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இரண்டு, விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கி, எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ. வரும் பெட்டியில் ஓஇஎம் டிஎம் சேனல் (லேப்டாப்போடு வந்தது) என்றோ ரீடெய்ல் (தனியாக வாங்கியது) என்றோ இருக்கலாம். வீட்டு லேப்டாப்பில் வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று வந்தால் திருட்டு ஆக்டிவேஷன்.

இதில் வேடிக்கை, அந்த லேப்டாப்புக்கு எந்த ஆக்டிவேட்டரும் தேவையே இல்லை. விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்களில் விண்டோஸ் 8 காலத்திலிருந்தே கீ பயாஸிலேயே பதிந்திருக்கிறது. அதே எடிஷனைப் போட்டு நெட்டைத் தந்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். ஹோம் வந்த மெஷினில் ப்ரோ போட்டால்தான் ஆகாது. இன்னும் சொல்லப்போனால் பென்டிரைவே தேவையில்லை: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, அந்த லேப்டாப் இன்டெல் 11ஆம் தலைமுறை மெஷின், விண்டோஸ் 11க்குத் தகுதியானது, விண்டோஸ் அப்டேட்டில் போய் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். 900 ரூபாய்க்கு வேலையே இல்லை.

இப்போது எஸ்எஸ்டி கதை. 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி என்ற வசதி பயாஸில் ஆன் செய்யப்பட்டிருக்கும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அந்த விஎம்டி கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். விண்டோஸ் இன்ஸ்டாலரில் அதற்கான டிரைவர் (அதை அடையாளம் காண உதவும் மென்பொருள்) இல்லாவிட்டால் ‘எங்கே இன்ஸ்டால் செய்ய’ என்று கேட்கும் பக்கம் வெறுமையாக நிற்கும். கடைக்காரர் காட்டியது இந்த வெறும் பக்கத்தைத்தான். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம். 4,500 ரூபாய் கொடுத்தால் இரண்டும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியது: லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, எக்ஸ்ட்ராக்ட் செய்து, அந்த ஃபோல்டரை இன்ஸ்டால் பென்டிரைவிலேயே போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்ராக்ட் செய்யாத செட்டப் ஃபைலை இன்ஸ்டாலர் படிக்காது, இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். வெறும் பக்கம் வந்ததும் லோட் டிரைவரைத் தட்டி ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஸ்டி எழுந்து வரும். பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்தும் வரவைக்கலாம், ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். பதற வேண்டாம், திரும்ப ஆன் செய்தால் பழையபடி பூட் ஆகும். பயாஸில் கை வைக்கும் முன், டேட்டாவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பூட்டிக்கொண்டால் டேட்டா திரும்பாது.

சரி, சொந்தமாகச் செய்வது.

பென்டிரைவ் 8 ஜிபி போதும், 16 வசதி. பில்லோடு வாங்குங்கள். டவுன்லோடுதான் மலைமேல் பெரிய பாடு. தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி டேட்டாவை வைத்துக்கொண்டு ஆறு ஜிபி ஐஎஸ்ஓ இறக்கினால் நடுவில் அறுந்துவிடும். மழை நாளில் கரண்டும் போகும். உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் என்றால் அவர்கள் தளத்திலேயே டோரன்ட் (துண்டு துண்டாக இறக்கும் வழி) இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்க்கும், மூன்று நாள் ஆனாலும் கெடாது. மைக்ரோசாஃப்ட்டின் ஐஎஸ்ஓ லிங்க் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், அதைத் தவணை முறையில் இறக்க முடியாது. கீழே வரும்போது நல்ல லைன் இருக்கும் இடத்தில் ஒரே மூச்சில் இறக்குங்கள்.

இறக்கியதும் ஹேஷ், அதாவது ஃபைலின் கைரேகை மாதிரி ஓர் எண். பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் என்று அடித்து இடம் விட்டு, ஐஎஸ்ஓவை அந்த விண்டோவுக்குள் இழுத்துப் போட்டு என்டர் தட்டினால் 64 எழுத்துகளில் எஸ்எச்ஏ256 வரும். அதே தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் ஆறும் கடைசி ஆறும் பார்த்தாலே அறுந்த ஃபைல் மாட்டிக்கொள்ளும். கடைக்காரர் தந்த ஐஎஸ்ஓ என்றால் 64ஐயும் பாருங்கள்.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுத ரூஃபஸ் என்ற மென்பொருள். டிவைஸில் உங்கள் பென்டிரைவ்தானா என்று இரண்டு முறை பாருங்கள், அதில் உள்ளதெல்லாம் அழியும். ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ. 2010 வாக்கில் வந்த, யூஇஎஃப்ஐ இல்லாத பழைய பயாஸ் மெஷின் என்றால் எம்பிஆர். ஃபைல் சிஸ்டத்தை ரூஃபஸ் சொல்வதுபோலவே விடுங்கள். ஃபேட்32வில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, விண்டோஸின் இன்ஸ்டால் விம் ஃபைல் இப்போது பெரும்பாலும் தாண்டிவிடுகிறது; அதனால் ரூஃபஸ் என்டிஎஃப்எஸ் போட்டு, பூட் ஆவதற்குச் சின்னதாக ஒரு ஃபேட் பார்ட்டிஷனைப் பக்கத்தில் வைக்கும். ‘பேட் பிளாக்ஸ் செக்’ ஒரு பாஸ் கொடுத்தால் போலி டிரைவும் இங்கேயே பிடிபடும், நேரம் மட்டும் பிடிக்கும்.

லினக்ஸ் ஐஎஸ்ஓவுக்கு ஐஎஸ்ஓ மோடா டிடி மோடா (டிடி என்றால் அப்படியே நகலெடுப்பது) என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ மோட். பூட் ஆகவில்லையென்றால் டிடி. டிடி மோடில் எழுதிய பிறகு விண்டோஸ், ‘ஃபார்மேட் செய்யட்டுமா’ என்று கேட்கும், சில எம்பி மட்டும் காட்டவும் செய்யும். வேண்டாம் என்று மூடிவிடுங்கள். அங்கே சரி என்று தட்டிவிட்டு ‘ரூஃபஸ் வேலை செய்யவில்லை’ என்கிறவர்கள் நிறைய.

டிவிடி கேட்கிறவர்களுக்கு: ஒற்றை லேயர் டிவிடி 4.7 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 4.38தான். உபுண்டு 24.04ம் விண்டோஸ் 11ம் அதில் அடங்காது. மின்ட் 22 சின்னமன் மூன்று ஜிபிக்குள், அடங்கும். ரைட் கிளிக்கில் ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’, வெரிஃபை டிக். இழுத்துப் போட்டு எழுதினால் பென்டிரைவில் நடந்த அதே தப்புதான்.

பூட் மெனு கீ: டெல், லெனோவோ, ஏசரில் எஃப்12 (ஏசரில் சிலவற்றில் பயாஸில் முதலில் ஆன் செய்ய வேண்டும்), எச்பியில் எஃப்9, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். செக்யூர் பூட்டை (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் ஆக விடும் காவல்) ஆஃப் செய்யச் சொல்லும் கடையில் ஏன் என்று கேளுங்கள். ஒரிஜினல் விண்டோஸுக்கும் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோராவுக்கும் அதை ஆஃப் செய்யத் தேவையில்லை.

கடையிலேயே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் உங்கள் மெஷினிலோ அவர்கள் மெஷினிலோ பூட் மெனுவில் அந்தப் பென்டிரைவ் வந்து இன்ஸ்டாலரின் முதல் பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். மலை ஏறிய பிறகு பார்த்தால் ஒரு நாள் போச்சு.

இந்த விஷயத்தில் பில் தரவில்லை, யூபிஐயில் அனுப்பிய 900க்கான பதிவு இருக்கிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ காட்டிய 7.3 ஜிபி ஸ்கிரீன்ஷாட்டையும் அதனோடு சேர்த்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தாயிற்று. அதில் தீரவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடைக்காரர் இப்போது 900ஐத் திருப்பித் தருகிறேன், பென்டிரைவைக் கொடுங்கள் என்கிறார். பென்டிரைவ் தரப்படவில்லை.