கரன்ட் இல்லாத வாட்டர் ஃபில்டர்: மூன்று வீட்டுக்கு மூன்று பதில்

சமையல் மேடையில் வைத்து, மேல் தொட்டியில் ஊற்றினால் கீழ்த் தொட்டிக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கும் ஃபில்டர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். கரன்ட் வேண்டாம், குழாய் இணைப்பு வேண்டாம், சுவரில் துளை போட வேண்டாம், ஒரு சொட்டுகூட சாக்கடைக்குப் போகாது. கோவையில் எங்கள் வீடு, கோபி பக்கம் அம்மா வீடு, சென்னை மேடவாக்கத்தில் தம்பியின் வாடகை வீடு என்று மூன்றுக்கும் எது சரி என்று பார்க்க வேண்டி வந்தது. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். ஒவ்வொரு வகையையும் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. பார்த்த பிறகு மூன்று வீட்டுக்கும் வெவ்வேறு பதில்தான் கிடைத்தது.

தம்பி வீட்டை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே பதில் "வாங்காதே" என்பதுதான். "அக்கா, வீட்டு ஓனர் சுவத்துல ஆணி அடிக்கவே விட மாட்டேங்கறாரு. மேடையில வைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லு" என்று கேட்டான். அவன் வீட்டில் போர் தண்ணீர். டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் 1,140 காட்டியது. ஒரு லிட்டரில் அத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று பொருள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, 500 வரை ஏற்கலாம் என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. குக்கரில் வெள்ளைப் படலம் கட்டுகிறது, துவரம்பருப்பு எளிதில் வேகமாட்டேன் என்கிறது, வாயில் வைத்தால் கரிக்கிறது. இவை எல்லாமே கரைந்த உப்பின் வேலை. சாதாரணமாகக் கடையில் விற்கும் புவியீர்ப்பு ஃபில்டர் எதுவும் அதைத் தொடாது.

இதில் கம்பெனியின் குறை ஏதும் இல்லை, இயற்பியல் அப்படி. மேல் தொட்டியில் ஒரு சாண் உயரம் தண்ணீர் நின்றால் அது தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பிருக்கும் தண்ணீரிலிருந்து உப்பைச் சவ்வு வழியாகப் பிரிக்க வேண்டும் என்றால், சவ்வூடுபரவல் அழுத்தத்தை, அதாவது நல்ல தண்ணீர் சவ்வு வழியாக உப்புத் தண்ணீர்ப் பக்கம் திரும்பி ஓடப் பார்க்கும் அழுத்தத்தை, ஈடுகட்டவே மூன்று நான்கு மீட்டர் உயரத் தண்ணீர் வேண்டும். அதற்கு மேல் தள்ளினால்தான் நீர் பிரியும். அதனால்தான் ஆர்.ஓ.வுக்கு மோட்டார். கடையில் யாராவது "இது கரன்ட் இல்லாமலே உப்பையும் எடுத்துவிடும் மேடம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தம்பியைக் குடிக்கவும் சமைக்கவும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கேன் தண்ணீரே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஓனர் சம்மதித்தால் ஆர்.ஓ. போட்டுக்கொள்ளட்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வாசகர்களுக்கு இதையே இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே நிலத்தடி நீரில் சிக்கல் ஃப்ளூரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் (ஃப்ளூரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய்) தணிப்பு என்று சேர்த்திருப்பது சும்மா இல்லை. சாதாரணமாகக் கடையில் விற்கும் பீங்கான் கேண்டிலோ கார்பனோ ஃப்ளூரைடை எடுக்காது. காய்ச்சினால் தண்ணீர் வற்றி ஃப்ளூரைடின் அளவு கூடத்தான் செய்யும். வீட்டுக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது என்றால் அதைக் குடிக்க வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைப் பாத்திரம் துணிக்கு விட்டுவிடுவதுதான் நல்லது.

இனி எங்கள் வீடு. எங்கள் தெருவுக்குச் சிறுவாணி அணைத் தண்ணீர். மீட்டர் 50-ஐத் தாண்டாது. அப்படிப்பட்ட தண்ணீரை ஆர்.ஓ.வில் ஓட்டி, பாதியைச் சாக்கடையில் விடும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வுக்குத் தடை கொண்டுவரும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் வீடு வீடாக வந்து விற்கிறார்கள். எங்கள் தெருவுக்கும் ஒருவர் வந்தார். இரண்டு டம்ளர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் இரும்புக் கம்பிகளை விட்டுக் கரன்ட் பாய்ச்சினார். குழாய்த் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் காவி நிறமாகி, சேறு போல் திரண்டது. "இதைத்தான் உங்க குழந்தைங்க குடிக்கிறாங்க" என்றார். பக்கத்து வீட்டு அக்கா மிரண்டே போய்விட்டார். அந்தக் காவி தண்ணீரிலிருந்து வந்ததில்லை, கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயும், அதனால் இரும்பு கரையும். உப்பு எடுத்த தண்ணீரில் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் மின்னாற்பகுப்பு. இதைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் பறிப்பது அநியாயம் என்று அவரிடமே சொல்லி அனுப்பினேன்.

டி.டி.எஸ். குறைவு என்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. மீட்டருக்குக் கிருமியைத் தெரியாது. தென்மேற்குப் பருவமழையில் ஆறும் அணையும் கலங்கும்போது, சாலையில் எங்கோ குழாய் விரிசலில் சாக்கடை கசியும்போது, சம்ப்பைக் கழுவி மாதக்கணக்காகும்போது, அப்போதுதான் ஃபில்டருக்கு வேலை. புவியீர்ப்பு ஃபில்டர் கலங்கல், கிருமி, வாடை ஆகிய மூன்றுக்குமானது. அந்த மூன்றில் எதை எப்படிச் செய்கிறது என்பதில்தான் வகைகள் வேறுபடுகின்றன.

குளோரின் வகையில் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது ப்யூர்இட். ஹிந்துஸ்தான் யூனிலீவர் 2004-இல் முதலில் சென்னையில்தான் இதை விற்கத் தொடங்கியது; 2024-இல் அந்தத் தொழிலை ஏ.ஓ. ஸ்மித்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. உள்ளே ஒரு வலை தூசியைப் பிடிக்கும், கெட்டியான கார்பன் கட்டி ஒட்டுண்ணிகளின் முட்டைகளைப் பிடிக்கும், குளோரின் பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும், கடைசியில் இன்னொரு கார்பன் அந்தக் குளோரின் வாடையை எடுத்துவிடும். குளோரினுக்கு அடங்காத ஒட்டுண்ணிக்கு முன்னாடியே ஒரு தடுப்பு வைத்திருப்பது நல்ல யோசனை. இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது, கிட் (அவ்வப்போது மாற்ற வேண்டிய உள்பாகங்கள்) தீர்ந்ததும் தண்ணீர் நின்றுவிடுவது. கார்பன் தன் சக்தியை இழந்தாலும் தண்ணீரைத் தாராளமாக விட்டுக்கொண்டேதான் இருக்கும். பார்த்தால் தெரியாது, குடித்தாலும் தெரியாது. தானாக நிற்பது மட்டுமே நம்பிக்கையான அடையாளம். ஆனால் செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 12 லிட்டர் எடுக்கும் வீட்டில் 1,500 லிட்டர் கிட் 125 நாளில் முடிந்துவிடும். 3,000 லிட்டர் கிட் என்றால் எட்டு மாதம் சொச்சம். மெஷின் விலையை மறந்துவிட்டு, கிட் விலையை லிட்டரால் வகுத்துப் பாருங்கள்.

இரண்டாவது வகை டாடா ஸ்வச். அது 2009 டிசம்பரில் வந்தபோது பள்ளியில் அதைப் பற்றிப் பாடமே எடுத்தேன். நெல் உமியை எரித்த சாம்பல், அதன் மேல் நானோ அளவு வெள்ளி. நம் அரிசி ஆலைகளில் மலை மலையாகக் கிடக்கும் பொருளில் ஒரு ஃபில்டர் என்பது இன்றும் எனக்குச் சந்தோஷம் தருகிற விஷயம்.

மூன்றாவது வகை யு.எஃப்., அதாவது அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் சவ்வு. கென்ட் கோல்டு மாதிரியானவை. சேமியாவைவிட மெல்லிய, உள்ளே துளையுள்ள இழைகள் கட்டுக் கட்டாக இருக்கும். துளைகள் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவு அல்லது அதற்கும் கீழே. பாக்டீரியா அரை மைக்ரானிலிருந்து இரண்டு மைக்ரான் வரை இருக்கும், ஆகவே நுழைய முடியாது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் அதைவிட மிகமிகச் சிறியது. அது தங்குமா நழுவுமா என்பது அந்தச் சவ்வின் துளை அளவைப் பொறுத்தது. அதனால் பெட்டியில் துளை அளவை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதாததை வாங்காதீர்கள்.

எங்கள் வீட்டுக்கு நான் யு.எஃப். வகையைத்தான் எடுத்தேன். மாநகராட்சி ஏற்கெனவே குளோரின் கலந்து அனுப்புகிறது, குழாய் முனையிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு குளோரின் வேண்டாம் என்று பட்டது. சவ்வைக் கழட்டிக் கழுவலாம், கழுவினால் வேகம் திரும்புகிறது. வேகம் குறைந்தால் அடைத்திருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். குறை என்றால் நிதானம். மேல் தொட்டி நிறைந்திருக்கும்போது ஒழுங்காக இறங்கும், பாதிக்குக் கீழே போனதும் சோம்பிவிடும், ஏனென்றால் தள்ளும் உயரமே குறைந்துபோகிறது. ராத்திரி படுக்கும் முன் நிரப்பி வைத்தால் காலை டிஃபனுக்குப் பஞ்சம் இருக்காது. விருந்தாளி வந்த அன்று நிச்சயம் போதாது, தவலையில் காய்ச்சி ஆற வைத்துக்கொள்வேன்.

எந்த வகையானாலும் கார்பன் வழியாக வந்த தண்ணீரில் குளோரின் மிச்சமே இருக்காது. அதாவது கீழ்த் தொட்டியில் நிற்கும் தண்ணீருக்குக் காவல் இல்லை. ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஊருக்குப் போனால் முழுக்க வடித்துக் காயவைத்துவிட்டுப் போங்கள். ஜன்னல் வெயில் படும் இடத்தில் வைத்தால், ஒளி புகும் பிளாஸ்டிக் தொட்டியில் பாசி பிடிக்கும்.

அம்மாவுக்கு வேறு கதை. எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார். பவானி ஆற்றுத் தண்ணீர் பஞ்சாயத்துக் குழாயில் வருகிறது. முதலில் ஒரு குளோரின் வகையை வைத்துப் பார்த்தோம். "ஏங்கண்ணு, என்னமோ மருந்து வாடை அடிக்குது, எனக்கு எறங்க மாட்டேங்குது" என்றார். கிட் தீர்ந்தபோது அந்த ஊர்க் கடையில் கிடைக்கவில்லை, கோவையிலிருந்துதான் வாங்கிப்போக வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிரமம் உயரம். மேடைக்கு மேல் இரண்டடி உயர ஃபில்டர் என்றால் குடத்தைத் தோளுக்கு மேல் தூக்கி ஊற்ற வேண்டும். அம்மாவின் தோளுக்கு அது ஆகாது. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. வயதானவர்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால் முழங்கால் உயர ஸ்டூலில் வைத்து, செம்பால் மொண்டு ஊற்றும்படி செய்யுங்கள்.

கடைசியில் பாத்திரக் கடையில் இரண்டு கேண்டில் போட்ட எவர்சில்வர் ஃபில்டரை எடுத்தோம். பழைய சாமான்தான். பீங்கான் கேண்டில் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஜெர்மனியின் செல்லே ஊரில் பெர்க்கஃபெல்ட் கம்பெனி 1890-களில் டயட்டம் மண்ணில், அதாவது நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மண்ணில், செய்தது. அம்மாவால் அதைத் தானே கழட்ட முடிகிறது, எங்கே அழுக்கு என்று கண்ணால் பார்க்க முடிகிறது, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து வைக்க முடிகிறது. சோப்பு மட்டும் கூடாது, துளைக்குள் ஏறிவிடும். கேண்டில் அந்த ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கிறது. கேண்டில் பாக்டீரியாவைப் பெருமளவு பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. அதனால் ஆடி, ஆவணி, ஐப்பசி மழைக்காலத்தில் வடிந்த தண்ணீரை ஒரு கொதி வரவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், அம்மாவும் செய்கிறார். ஆற்றுத் தண்ணீர் செம்மண்ணாக வரும் நாட்களில் குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு, மண் அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஃபில்டரில் ஊற்றுகிறார். கேண்டில் சீக்கிரம் அடைக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

கேண்டில் ஃபில்டர் வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். தண்ணீர் திடீரென்று முன்பைவிட வேகமாக இறங்க ஆரம்பித்தால் சந்தோஷப்படாதீர்கள், கேண்டிலில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும் அல்லது அடியில் வாஷர் விலகியிருக்கும். உடனே நிறுத்திப் பாருங்கள். இன்னொன்று குழாய். பாத்திரத்தோடு வரும் பிளாஸ்டிக் குழாய்தான் முதலில் ஒழுகும். வாங்கும் அன்றே அதைக் கழட்டிவிட்டு எவர்சில்வர் குழாய் ஒன்று போடச் சொல்லுங்கள், கூடவே ரப்பர் வாஷர் நான்கு, கேண்டிலுக்கு அடியில் மாட்டும் நட்டு இரண்டு, உபரியாக ஒரு ஜோடி கேண்டில். கேண்டிலை வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும்.