மஞ்சள் ஒட்டுப்பொறி: வாங்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்

இருபுறமும் பசை தடவிய மஞ்சள் அட்டை, கட்டித் தொங்கவிட ஒரு கம்பி. பொருள் அவ்வளவுதான். வெள்ளை ஈ, இறக்கை முளைத்த அசுவினி, இலைத்துளைப்பான் ஈ எல்லாம் மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி, காய்ப்புழு சிக்காது. உறையில் 'எல்லாப் பூச்சிகளுக்கும்' என்று போட்டிருந்தால் அது விற்பனைப் பேச்சு. இலைப்பேன் தொல்லை மட்டும்தான் என்றால் நீல அட்டையைப் பாருங்கள்.

காகித அட்டை ஒரு மழைக்கே சுருண்டுவிடும். பிளாஸ்டிக் அட்டையே மேல். பசையைத் தொட்டு விரலை எடுத்தால் நூல் போல இழுபட வேண்டும். விரலோடு வழிந்து வந்தால் வெயிலில் இளகிக் கீழே இறங்கி, மேல்பாதி வெறும் மஞ்சள் பலகையாக நிற்கும். கட்டம் அச்சிட்டது கிடைத்தால் அதையே எடுங்கள், எண்ணிப் பார்க்க வசதி.

பலர் சறுக்குவது உயரத்தில். அட்டையின் அடிவிளிம்பு செடியின் நுனிக்குச் சற்று மேலே, ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கட்டும். வெண்டையும் தக்காளியும் வளர வளர அட்டையையும் ஏற்றிக் கட்ட வேண்டும். ஆளுயரத்தில் ஒரே இடத்தில் தொங்கவிட்டுவிட்டு 'ஒன்றும் விழவில்லை' என்பதில் அர்த்தமில்லை. நாற்றுத் தட்டில் மண்ணை ஒட்டிப் படுக்கையாக வைத்தால் ஈர மண்ணில் பெருகும் சிறு ஈயான பூஞ்சைக் கொசு நன்றாக விழும்.

அட்டை நிறைய வெள்ளை ஈ ஒட்டியிருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். விழுந்தவை பறக்கும் பருவத்தவை மட்டுமே. முட்டையும் குஞ்சும் இலையின் அடிப்பக்கம் அப்படியே இருக்கும். வெப்பக் காலத்தில் சுமார் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை கிளம்பிவிடும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலையும் தக்காளியில் இலைச்சுருளையும் பரப்புவது வெள்ளை ஈதான். அந்த நோய் வந்த செடியை எந்த அட்டையும் மீட்காது, பிடுங்கிவிட வேண்டியதுதான்.

இதன் உண்மையான பயன் துப்பறிவது. வாரம் ஒருமுறை எண்ணுங்கள். போன வாரத்தைவிட எண்ணிக்கை கூடினால் உடனே அடி இலைகளைத் திருப்பிப் பார்த்து, குஞ்சுகள் இருந்தால் வேப்பெண்ணெய் தெளியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 2 மில்லி திரவ சோப்பைக் கலக்கி, பிறகு 5 மில்லி எண்ணெயை விட்டுப் பால் போல வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் இலை கருகும். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்து, வாரம் ஒருமுறை என மூன்று தடவையாவது தொடருங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

ஒரு பெரிய குறை: இந்தப் பசைக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி தெரியாது. கெட்ட பூச்சியை அழித்து நமக்கு உதவும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்தே சாகும். ஆகவே வெள்ளை ஈ அடங்கியதும் அட்டைகளைக் குறைத்து, கண்காணிக்க ஒன்றை மட்டும் விடுங்கள். பல்லி நடமாடும் சுவரோரம் கட்டவே வேண்டாம். கையில் ஒட்டிய பசை தண்ணீருக்குப் போகாது. சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டால் போய்விடும்.