டிசைனரின் லேப்டாப்பில் பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

சிறு கடைகளுக்கு வெப்சைட் போட்டுத் தருகிறோம் என்று நடக்கும் ஏமாற்று பெரும்பாலும் ஒப்படைக்கும் நாளில்தான் அரங்கேறுகிறது. டிசைனர் தன் லேப்டாப்பைத் திறந்து காட்டுவார். படங்களெல்லாம் ஏற்கெனவே அதன் கேஷில், அதாவது பிரவுசர் ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைக்கும் இடத்தில் கிடக்கும், ஆபீஸ் வைஃபை வேறு. தளம் பளிச்சென்று வந்து நிற்கும், பாக்கிப் பணம் கைமாறும். இரண்டு மாதம் கழித்து “ஒரு போன்கூட வரலையே தம்பி” என்று கேட்டால், “கூகுள்ல விளம்பரம் போடணும் சார்” என்று அடுத்த பில் வரும். விளம்பரத்தைப் பார்த்து வருகிறவரும் அதே தளத்தைத்தான் திறக்கப்போகிறார், அதே வேகத்தில் மூடப்போகிறார்.

இப்படி வாங்கிய ஒரு ஜவுளிக்கடைத் தளம் எப்படி இருக்கும் என்று பிரித்துப் பார்ப்போம்.

முகப்பில் ஐந்து படம் ஓடும் ஸ்லைடர். கேமராவில் எடுத்த கோப்புகளை அப்படியே ஏற்றியிருப்பார்கள்: ஒவ்வொன்றும் 6000 பிக்சல் அகலம், 5 எம்பி கனம். மொத்தம் 25 எம்பி, அதாவது 200 மெகாபிட். பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகம் கிடைக்கிறது என்றால் முகப்பு முழுதாக இறங்க 40 நொடி. பக்கத்தின் முக்கியப் படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. போன் திரைக்கு 1000 பிக்சல் அகலமே தாராளம். வெப்பி (WebP) என்ற கனம் குறைந்த பட வடிவத்துக்கு மாற்றினால் ஒரு படம் பெரும்பாலும் 150 கேபிக்குள் அடங்கிவிடும். மாற்றித் தரும் கருவிகள் இலவசம், வேலை அரைமணி நேரம்கூட ஆகாது. ஸ்லைடரே வேண்டாம், நல்ல படம் ஒன்று போதும் என்று சொல்லிப் பாருங்கள். ஆடாமல் நிற்கும் தளத்துக்கு அதிகம் கேட்க முடியாதே என்று சிலருக்கு முகம் வாடும்.

தளத்தின் நிரலில் படத்துக்கு அகலம், உயரம் குறிக்காமல் விடுவது இன்னொரு தொல்லை. எழுத்து முதலில் வந்துவிடும். விலையைத் தொடலாம் என்று விரலைக் கொண்டுபோகும்போது மேலே படம் வந்து விழும், எல்லாம் கீழே நழுவும், விரல் வேறெதையோ அமுக்கும்.

தமிழ் எழுத்தில் நடக்கும் கூத்து தனி. டிடிபி பழக்கத்தில் பாமினி எழுத்துருவில் அடித்ததைத் தளத்திலும் ஒட்டிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாமினியில் ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான், மேலே தமிழ் வேஷம். எழுத்துரு இறங்காத போனில் வேஷம் கலைந்து ஆங்கிலக் குப்பையாகக் கொட்டும். கூகுளுக்கு எப்போதுமே குப்பைதான் தெரியும், தமிழில் தேடுபவர் கையில் அந்தப் பக்கம் சிக்கவே சிக்காது. ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் அது யூனிகோடு, எந்தப் போனும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீடு. காப்பியே செய்ய முடியவில்லை என்றால் பெரும்பாலும் அது எழுத்தில்லை, படம். விலைப்பட்டியலை அப்படிப் படமாகப் போட்டுவிட்டால், பத்து ரூபாய் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் டிசைனரிடமே போய்த் தொங்க வேண்டும்.

யூனிகோடாக இருந்தாலும் ஆங்கிலத்துக்காகச் செய்த தீமில் (தளத்தின் தயார் வடிவமைப்பில்) வரி இடைவெளி 1.2 என்று இருக்கும். மேல் வரியின் உகரச் சுழி கீழ் வரியின் இகரக் கொம்பில் போய் இடிக்கும். 1.6 வைத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைப் போடச் சொல்லுங்கள்.

அடுத்து பாப்அப். பக்கம் திறந்த மூன்றாவது நொடி “சலுகை பெற எண்ணைத் தாருங்கள்” என்று திரை முழுக்க மறைக்கும், மூடும் குறி மூலையில் அரிசியளவு. தொடும் பொத்தான் 48 டிபி (திரைக்கேற்ப மாறும் ஆண்ட்ராய்டு அளவு அலகு) ஆவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு வழிகாட்டியிலேயே உள்ளது. மொபைலில் இப்படித் திரையை மறைக்கும் பக்கங்களை 2017 ஜனவரியிலிருந்து கூகுள் தேடலில் கீழே தள்ளவும் செய்கிறது.

கடையின் போன் எண் பேனர் படத்துக்குள் இருக்கும், தொட்டால் டயல் ஆகாது. பேப்பரில் எழுதிக்கொண்டு போன் பண்ணும் பொறுமை யாருக்கு? விசாரணைப் படிவம் இதைவிட மோசம்: “நன்றி, உங்கள் செய்தி வந்தது” என்று காட்டும், கடைக்கு எதுவும் வராது. அனுப்புநர் இடத்தில் வாடிக்கையாளரின் ஜிமெயில் முகவரியையே போட்டு, சர்வரிலிருந்து நேராக அனுப்புவதுதான் வழக்கமான காரணம். போலி மெயில் என்று அது ஸ்பாமுக்குப் போகும், இல்லையென்றால் திருப்பி அனுப்பப்படும். உங்கள் டொமைன் (தளத்தின் பெயர்) முகவரியிலிருந்து, எஸ்எம்டிபி என்ற முறையான மெயில் கணக்கு வழியாகப் போகும்படி மாற்றச் சொல்லி, வேறொருவர் போனிலிருந்து ஒரு விசாரணை அனுப்பிப் பாருங்கள்.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளமானால் செட்டிங்ஸில் ரீடிங் பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்ற கட்டம் அங்கே இருக்கும். வேலை நடக்கும்போது டிக் செய்வது சரி, முடிந்ததும் எடுக்க மறந்தால் கடைப் பெயரைத் தேடினால்கூடத் தளம் வருவது சந்தேகம். தேடலில் மேலே கொண்டுவருகிறோம் என்று “எஸ்இஓ பேக்கேஜ்” பெயரில் தனியாக விற்கப்படும் வேலையில் சில நேரம் இந்த ஒரு டிக்கை எடுப்பதும் அடக்கம்.

தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பில் போட்டால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது, கடைத் தளத்துக்கு அது போதும். தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்திருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். காலாவதியானால் பிரவுசர் எச்சரிக்கைப் பக்கம் காட்டும், அதைத் தாண்டி யாரும் உள்ளே வரமாட்டார்கள்.

ஆக, ஒப்படைக்கும் நாளில் டிசைனரின் லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள். உங்கள் போனில் வைஃபையை அணைத்து, பழைய சேமிப்பை எடுக்காத இன்காக்னிட்டோ டேபில் தளத்தைத் திறங்கள். கடையில் இருப்பதிலேயே மலிவான ஆண்ட்ராய்டு போனிலும் திறந்து பாருங்கள். தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து, டெஸ்க்டாப்பை விட்டு மொபைல் டேபைப் பாருங்கள். டெஸ்க்டாப் மதிப்பெண்ணை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது பழைய வித்தை.

டொமைன் யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும். பல டிசைனர்கள் தங்கள் கணக்கிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு சண்டை வந்தால் போர்டில், பில்லில், பையில் அச்சடித்த முகவரி அவர் கையில். உங்கள் மெயிலில், உங்கள் எண்ணில் கணக்குத் திறந்து டொமைனை அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதென்றால் ஆத் கோடு என்ற ரகசியக் குறியீடு தேவை, அதை மெயிலில் எழுதிக் கேளுங்கள். உள்ளே நுழையும்போது ஓடிபி உங்கள் போனுக்கு வந்த பிறகு கடைசித் தவணையை அனுப்பலாம்.