கன்வெர்ட்டிபிளா, ஸ்போர்ட்ஸ் காரா: காரைக்குடியில் இருந்து ஓர் ஒப்பீடு

காரைக்குடியில் இருந்துகொண்டு கூரை திறந்து மூடும் கன்வெர்ட்டிபிளான மெர்சிடிஸ் சிஎல்இ 300 கேப்ரியோலே, ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷே 911 கரேரா ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர், முதலில் தம் வீட்டு வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை உள்ள வேகத்தடைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

911-இன் ஆறு சிலிண்டர், 3 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் அமைந்திருப்பதால், எடை பின்சக்கரங்களை அழுத்திப் பிடிமானம் தர, சுமார் 4 விநாடிகளில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசாமலிருக்க, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தித் தரும் வசதியைக் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கிக்கொள்வது நல்லது. பின்னிருக்கை குழந்தைகளுக்கு மட்டுமே போதும்.

சிஎல்இ-யில் நால்வர் அமரலாம். அதன் துணிக்கூரை சுமார் 20 விநாடிகளில் மூடிக்கொள்ளும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும்போதே இயக்கலாம் என்பதால், ஐப்பசி மழை சட்டெனப் பிடித்துக்கொண்டாலும் ஓரங்கட்ட வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் கூரையைத் திறக்கவே முடியாது என்பதும், செம்மண் தூசி துணி மடிப்புகளில் படிந்தால் மென்மையான தூரிகையால் பொறுமையாகத் தட்டி எடுக்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனாலும் மார்கழி விடியலில் கானாடுகாத்தானின் நேரான தெருக்களில் கூரை திறந்து மெல்லச் செல்லும்போது, வீட்டு முகப்புகளின் சுதைச் சிற்பங்கள் உச்சிவரை முழுதாகத் தெரிகின்றனவே, அதற்கு ஈடாக எந்த வேகத்தையும் நான் கேட்கமாட்டேன்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்துக்கு ஆண்டில் சிலமுறையாவது போகிறவருக்கு 911. பெற்றோருடன் பிள்ளையார்பட்டிக்குப் போகிறவருக்கு, தயக்கமின்றி, சிஎல்இ.