காரைக்குடியில் எங்கள் கேபிள் இணைப்பு: படம் அருமை, செய்தி பேக் வேண்டாம்

காரைக்குடிப் பக்கம் யாராவது புதிதாகக் கேபிள் இணைப்பு வாங்க நினைத்தால் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இணைப்பைப் பற்றி எனக்குக் குறை கிடையாது. மழை பெய்தாலும் படம் நிற்பதில்லை, கம்பி அறுந்தால் போன் போட்ட அன்றைக்கே ஒரு தம்பி ஏணியோடு வந்துவிடுகிறார், மாதப் பணம் வாங்க வருபவரும் மரியாதையாகப் பேசுகிறார். எங்களுடையது பழைய வீடு, முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரைக்கும் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. தேக்குத் தூணில் ஆணி அடிக்கக் கூடாது என்று அப்பத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கும் முகம் சுளிக்காமல் சுவர் ஓரமாகவே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதுவரை முழு மதிப்பெண்.

என் வருத்தமெல்லாம் இணைப்போடு சேர்த்துத் தலையில் கட்டும் செய்திச் சேனல் பேக் மேல்தான். தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று ஒரு கொத்தாக வருகிறது. சாதாரண நாளில் ஓடிக்கொண்டு கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டோம். சண்டை என்று ஒன்று வந்தால்தான் அந்த பேக் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பது தெரியும், 2025 மே மாதம் அது எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் தீவிரவாதிகள் 26 பேரைக் கொன்றார்கள். அந்தத் துக்கமும் கோபமும் எல்லார் வீட்டிலும் இருந்தது, எங்கள் வீட்டிலும் இருந்தது. மே 7 விடியுமுன் பாகிஸ்தான் மீது நம் படைகளின் ஆபரேஷன் சிந்தூர் தாக்குதல் தொடங்கி, மே 10 மாலை சண்டை நிறுத்தம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் இந்த பேக்கில் வந்தவற்றை நினைத்தால் இப்போதும் மனது ஆறவில்லை. மே 8 இரவு கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று ஓட்டினார்கள், இஸ்லாமாபாத்தே கைக்கு வந்துவிட்டது என்கிற அளவுக்குப் போனார்கள், இரண்டும் நடக்கவில்லை. வேறு நாட்டில் வேறு சண்டையில் எடுத்த பழைய காட்சிகளை இப்போது நடப்பது போலக் காட்டினார்கள். அம்புக்குறி பாயும் வரைபடம், ஒரே திரையில் எட்டுப் பேர் கத்தல், கீழே சிவப்புப் பட்டை, பின்னால் முரசு அடிப்பது போல இசை, "ஒரு சிறு இடைவேளைக்குப் பிறகு" என்று சரியாகப் பதற்றம் ஏறும் இடத்தில் நிறுத்துவது. தினமும் இரவு ஏழு மணிக்கு மேல் வரும் சீரியல்களை எப்படிக் கட்டுகிறார்களோ அதே கட்டுமானம்தான், நல்லவன் கெட்டவன், திருப்பம், நாளைக்கு என்ன என்ற ஏக்கம், எல்லாம் இருந்தது.

எல்லாவற்றையும் விட மோசம் அந்தச் சங்கு. விமானத் தாக்குதல் வந்தால் ஊரை எச்சரிக்க ஊதுகிற சங்கை ஒவ்வொரு தலைப்புச் செய்திக்கும் முன்னால் ஊதினார்கள். எங்கள் வீட்டுக் குழந்தை அதைக் கேட்டதும் சோற்றுக் கையோடு முகப்புக்கு ஓடி வானத்தைப் பார்த்தது, எல்லையிலிருந்து எத்தனையோ தொலைவில் இருக்கிறோம் என்று சொன்னால் அதற்கு என்ன புரியும்! கடைசியில் மே 10 அன்று மத்திய உள்துறையின் குடிமைப் பாதுகாப்புப் பிரிவே, நிகழ்ச்சிகளில் அந்தச் சங்கொலியைப் பயன்படுத்தாதீர்கள், அடிக்கடி கேட்டுப் பழகினால் நிஜமாக ஊதும்போது மக்கள் அசட்டையாக இருந்துவிடுவார்கள் என்று சேனல்களைக் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

இதெல்லாம் வெறும் சத்தம், அணைத்தால் போச்சு என்று நினைக்க வேண்டாம். அது ஆட்களின் மனதில் என்ன செய்கிறது என்பதை மே 10 மாலை பார்த்தேன். சண்டை நின்றது என்றால் உயிர் பிழைத்தது என்று பெருமூச்சு விட வேண்டாமா? எங்கள் தெருமுனை டீக்கடையில் "என்ன அண்ணே, அதுக்குள்ள முடிச்சுட்டாங்க" என்று பாதிப் படத்தில் கரண்ட் போனது போலக் குறைப்பட்டார்கள். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள், ஒருவருக்கும் தீங்கு நினைக்காதவர்கள். டெல்லியில் அந்த அறிவிப்பைப் படித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியையும் அவர் குடும்பத்தாரையும் இணையத்தில் கண்டபடி வசைபாடி, அவர் தன் எக்ஸ் கணக்கையே பூட்டிக்கொள்ளும்படி ஆனது. இத்தனைக்கும் அதே நாட்களில் ஜம்மு காஷ்மீர் எல்லையோரம் இருக்கும் பூஞ்சில் பாகிஸ்தான் பீரங்கிக் குண்டு விழுந்து பத்துப் பேருக்கு மேல் செத்திருந்தார்கள், நம் நாட்டுக் குடிமக்கள். அவர்கள் வீட்டுக் கதைக்கு அந்தத் திரையில் இடம் கிடைத்தது கொஞ்சம்தான். கதை சொல்கிறவர்கள் யாரைக் காட்டுகிறார்களோ அவர்களுக்காகத்தான் பார்க்கிறவர் மனம் இளகும்.

அப்பத்தா அந்த நாட்களில் டிவி முன்னால் உட்கார்ந்து கேட்டது ஒன்றுதான்: "ஏப்பா, அந்த ஊருச் சனங்க எங்கப்பா? ஒருத்தரையும் காங்கலையே." அவர்கள் கேட்பதில் காரணம் இருக்கிறது. அவர்களுடைய அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவின் ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போனவர், அங்கே மொகல் தெருவில் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் இருந்தவர். 1941 டிசம்பர் 23 ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அதற்குப் பிறகு லட்சக்கணக்கான நம் ஆட்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலை வழியாகவும் நடந்தே வந்தார்கள், காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் பல ஆயிரம். "குண்டு விழுந்துச்சுன்னு ரேடியோவுல சொன்னாக, அம்புட்டுத்தான். அப்புறம் கடுதாசியும் இல்ல, ஆளும் இல்ல. ஆத்தா தாலியைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாக" என்பார்கள். செட்டிநாட்டில் எத்தனையோ வீட்டுத் தூண்கள் பர்மா தேக்கு. அந்தத் தேக்கு வந்த நாட்டிலிருந்து ஆள் திரும்பி வந்த கதையும் இந்த வீடுகளில் இருக்கிறது. எந்த சேனலும் இதைப் போர்ச்செய்தியாக நினைப்பதில்லை.

இது நம் சேனல்கள் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1991 வளைகுடாப் போரை சிஎன்என் பாக்தாதிலிருந்து நேரலையில் காட்டியபோது, குண்டு போய்ச் சரியாக ஒரு ஜன்னலுக்குள் நுழைவது போன்ற காட்சியைத்தான் உலகம் திரும்பத் திரும்பப் பார்த்தது. உண்மையில் அந்தப் போரில் போட்ட குண்டுகளில் அப்படி வழிகாட்டிப் போகிறவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் சுத்தமான போர் என்று ஒன்று இருப்பதாக ஒரு தலைமுறையே நம்பியது. அதற்கு முந்தைய வருடம் ஈராக் படை புகுந்த குவைத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜோர்டானின் அம்மான் நகரம் வழியாக விமானம் ஏறி வந்தார்களே, அவர்களுடைய முகம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

அதற்காக டிவியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கதை சொல்வதிலும் தப்பில்லை. 1983 நவம்பரில் அமெரிக்காவின் ஏபிசி, அணுகுண்டு விழுந்த பிறகு கான்சாஸ் பக்கத்துச் சாதாரண ஜனங்கள் என்ன ஆகிறார்கள் என்று ஒரு கற்பனைக் கதையை ஒளிபரப்பியது. சுமார் பத்துக் கோடிப் பேர் பார்த்தார்கள், முன்கூட்டியே பார்த்த அதிபர் ரீகன் மனம் மிகவும் சோர்ந்துபோனதாகத் தன் டைரியில் எழுதினார். நம் பக்கமே பாருங்கள். 2009இல் இலங்கைப் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலுக்குள் வெளிப் பத்திரிகையாளர்களை விடவில்லை, படம் இல்லாததால் நடந்தது பாதி உலகத்துக்குத் தெரியவே இல்லை. 2011 ஜூனில் பிரிட்டனின் சேனல் 4 பின்னால் கிடைத்த காட்சிகளைத் தொகுத்துக் காட்டியது. 2013 பிப்ரவரியில் புலிகள் தலைவர் பிரபாகரனின் மகன் 12 வயது பாலச்சந்திரன் பதுங்குகுழி ஓரம் எதையோ தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் படமும், அதற்கடுத்துச் சுடப்பட்டுக் கிடக்கும் படமும் வெளிவந்தன. மார்ச்சில் சென்னையில் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார, தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், மார்ச் 27 அன்று சட்டமன்றம் தனி ஈழத்துக்குப் பொதுவாக்கெடுப்பு கேட்டுத் தீர்மானம் போட்டது. ஒரு பையனின் முகத்துக்கு அத்தனை பலம் இருந்தது. அந்தப் பலம் தெரிந்தவர்கள்தான் 2025 மே மாதம் முகங்களை விட்டுவிட்டு அம்புக்குறியைக் காட்டினார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சரி, வாங்குகிறவர்களுக்கு. இணைப்பைத் தாராளமாக வாங்குங்கள். செய்தி பேக்கை எடுத்துவிடச் சொல்லி போனில் சொன்னாலே போதும், ஆனால் அடுத்த மாதக் கட்டணத்தில் குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. வீட்டில் குழந்தை இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். இலவசமாக வரும் செய்திச் சேனல் எப்படியும் ஒன்றிரண்டு மிஞ்சும், பொதிகை என்று நமக்குப் பழகிய தூர்தர்ஷன் தமிழும் இருக்கும், அன்றாடச் செய்திக்கு அவையே தாராளம்.

இன்னொன்று. இதே கேபிள்காரர் ஒரு உள்ளூர்ச் சேனலும் நடத்துகிறார், கொப்புடையம்மன் கோயில் திருவிழா, கல்யாண வாழ்த்து, இரங்கல் செய்தி எல்லாம் அதில் வரும். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த பெரியவர்களைப் பேச வைத்து அதில் போடலாமே என்று கேட்டேன். ஆள் சேர்த்துக் கொடுத்தால் கேமராவோடு வருகிறேன், காசு வேண்டாம் என்றார். எங்கள் அப்பத்தா முதல் ஆளாகப் பேசச் சம்மதித்துவிட்டார்கள். தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் உங்கள் வீட்டில் அப்படி யாரும் இருந்தால் அவரிடம் சொல்லிவையுங்கள், அவர்களுக்கு எழுபது எண்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும் என்பதால் காலையில் பலகாரம் சாப்பிட்ட பிறகு வரச் சொல்வது நல்லது.